எண்பது துறைகள் எதற்கு? பல்கலைக்கழக ஆய்வின் பரப்பைப் பற்றி ஒரு கேள்வியும் தொடர்ந்து வந்த குறிப்புகளும்

வாசகர் ஒருவரின் கேள்வி, 3 ஜூன் 2023

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துறைப் பட்டியலை இன்று முழுமையாகப் படித்தேன். எண்பதுக்கும் மேற்பட்ட துறைகள் இருக்கின்றன. படிகவியல் ஒருபுறம், சைவ சித்தாந்தம் ஒருபுறம், சமணவியல், தொல்லியல், தாவரவியல், அரபு, கணிதம் என்று நீண்டுகொண்டே போகிறது. நிதி நெருக்கடி என்றும் செய்தி வருகிறது. உலகத்தரம் வாய்ந்த ஐந்தாறு துறைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிட்டால் என்ன குறைந்துவிடும்? உணர்ச்சிவசப்படாமல் யாராவது விடை சொல்லுங்கள்.

4 ஜூன் 2023

1990களில் கிண்டி வளாகத்தில் ஏரிப் பாசிகளைப் பற்றி ஆய்வு செய்த காலத்தில் நானும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். இப்போது என் விடை வேறு. எந்த ஐந்தாறு துறைகள் உலகத்தரம் பெறும் என்பது முன்கூட்டியே யாருக்கும் தெரிவதில்லை என்பதுதான் அது.

1952இல் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க வரும்படி சி. வி. இராமனை அழைத்தார். இராமன் தாம் வராமல் தம் மாணவர் ஜி. என். இராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். இராமச்சந்திரனுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. அழைத்தவர் மகப்பேறு மருத்துவர். வந்தவர் எக்ஸ் கதிர்களால் படிகங்களை ஆராய்ந்தவர். அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று அவரிடம் சொன்னார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருப்பது கொலாஜன். நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுவே. தோல் பதனிடுதல் என்பதே கொலாஜனை அழுகவிடாமல் காக்கும் தொழில்தான். அதற்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் 1948இல் அடையாற்றில், கிண்டி வளாகத்துக்கு அண்மையிலேயே தொடங்கப்பட்டிருந்தது. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜனின் எக்ஸ் கதிர்ப் படங்களையும், அதன் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின் என்று வேதியியலார் கண்டிருந்ததையும் சேர்த்துப் பார்த்து, மூன்று இழைகளைக் கயிறாக முறுக்கியது போன்ற வடிவத்தை இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் வெளியிட்டார்கள்.

அது இயற்பியலா, வேதியியலா, உயிரியலா என்று நிதிக்குழு ஒன்று அன்று கேட்டிருந்தால் இராமச்சந்திரன் என்ன விடை எழுதியிருப்பார் என்று நான் பல முறை எண்ணியதுண்டு. 1857இல் தொடங்கிய நாள் முதலே இந்தப் பல்கலைக்கழகத்துக்கு இந்தப் பரப்பு இருந்ததால்தான் இவை நடந்தன.

6 ஜூன் 2023

மேலே கடைசியாக எழுதிய வாக்கியம் தவறு. மதுரை வாசகர் சுட்டிக்காட்டியது சரி. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டவை. அவை தேர்வு நடத்திப் பட்டம் வழங்கின. கற்பித்தல் கல்லூரிகளில் நடந்தது. பல்கலைக்கழகமே பேராசிரியர்களை அமர்த்தி ஆய்வு நடத்தலாம் என்பதற்கு 1904ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. சென்னையில் அது நடைமுறைக்கு வர மேலும் பத்தாண்டுகள் ஆயின. ஆகவே இந்தப் பரப்பு பிறப்பிலேயே வந்தது அன்று. ஒவ்வொரு நாற்காலியாகச் சேர்க்கப்பட்டது.

அப்படிச் சேர்ந்த முதல் நாற்காலிகளில் ஒன்று இந்தியப் பொருளியல். அதற்கு 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். மாணவர்கள் நூல்களிலிருந்து பொருளியல் படித்தால் போதாது, ஊர்களைப் பார்க்க வேண்டும் என்று அவர் கருதினார். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடாற்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, நெல்லைக் கங்கைகொண்டான், இராமநாதபுரத்து வடமலைபுரம் முதலிய ஊர்களில் நிலம், கூலி, கடன், சாப்பாடு, கிணறு என்று எல்லாவற்றையும் மாணவர்கள் கணக்கெடுத்தார்கள். 1918இல் அது நூலாக வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1936-37இல், அதே ஊர்களுக்கு மீண்டும் ஆய்வாளர்கள் சென்றார்கள். 1961இலும் 1980களிலும் சில ஊர்களுக்கு மறுபடி சென்றார்கள். ஒரே ஊரின் கூலியும் கடனும் நிலவுடைமையும் மூன்று தலைமுறைக்கு எப்படி மாறின என்று அறிய இன்று நமக்கு வழி இருக்கிறதென்றால், காரணம் அந்த முதல் கணக்கு. 1918இல் அதன் மதிப்பை யாராலும் முழுமையாக அளந்திருக்க முடியாது. மறுமுறை சென்று பார்த்தபோதுதான் அது விலைமதிப்பற்றதாயிற்று.

9 ஜூன் 2023

இராமானுஜனைப் பற்றிய கேள்வி என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. "அவரைக் கெடுத்ததே இந்தப் பரப்புதானே?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். உண்மை. கும்பகோணத்திலும் பிறகு சென்னையிலும் கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாததால் அவருக்கு பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேர்ச்சி கிடைக்கவில்லை, பட்டமும் இல்லை. துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் எழுத்தர் வேலைக்குப் போனார். எல்லாவற்றிலும் தேற வேண்டும் என்ற விதி, ஒன்றில் ஈடில்லாதவரை வெளியே நிறுத்தியது.

ஆனால் அவரை உள்ளே அழைத்ததும் அதே நிறுவனம்தான். முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு என வைத்திருந்த ஆய்வு உதவித்தொகையை, எந்தப் பட்டமும் இல்லாத அவருக்கு 1913 மே மாதம் முதல் மாதம் எழுபத்தைந்து ரூபாயாக வழங்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. 1914 மார்ச்சில் கப்பலேறும் முன் மூன்று அறிக்கைகள் தந்தார். இதற்காகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதியவர்களில் ஒருவர் கில்பர்ட் வாக்கர். அவர் இந்திய வானிலைத் துறையின் தலைவர், அடிப்படையில் கணிதவியலாளர். பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடப்போய், பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் மாறிமாறி ஏறி இறங்குவதைக் கண்டு அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டவரும் அவரே. ஒரு வானிலையாளர் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னதைக் கணிதத்துக்கு உரியவர்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

எனவே என் முதற்கூற்றைத் திருத்திக்கொள்கிறேன். பரப்பு நிறுவனத்துக்குத் தேவை. அதை ஒவ்வோர் ஆளின் தலையிலும் ஏற்றுவது வேறு காரியம். அது தீங்கு செய்யக்கூடியது.

10 ஜூன் 2023

இல்லை, மாணவர்கள் ஒரு பாடம் மட்டும் படித்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் ஒன்றை ஆழமாக அறிந்திருக்கையில், மற்றொன்றை ஆழமாக அறிந்தவர் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

14 ஜூன் 2023

நடந்து போகும் தூரம் என்று எழுதியதும் நினைவுக்கு வந்தது. என் வாழ்க்கையில் அது கிண்டியிலிருந்து சேப்பாக்கத்துக்குப் பேருந்தில் போகும் தூரமாக இருந்தது.

செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளில் பருவந்தோறும் எந்தப் பாசி பெருகுகிறது, எது மறைகிறது என்பது என் ஆய்வு. மாதம் இருமுறை வலையும் போத்தல்களுமாகப் போய் நீர் எடுத்து வருவேன். ஓர் ஏரியின் மதகருகே பாதி புதைந்த கல்வெட்டு ஒன்று இருந்தது. அதன்மேல் உட்கார்ந்துதான் போத்தல்களுக்குச் சீட்டு ஒட்டுவேன். ஒருநாள் வெயில் சாய்வாக விழுந்தபோது ஒரு சொல் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது: பாசிப்பாட்டம். பாசி என்னுடைய பொருள். பாட்டம் என்றால் குத்தகை அல்லது வரி என்ற அளவுக்குத் தெரியும். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஏரியின் பாசியைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள், உரமாகவோ மாட்டுத் தீவனமாகவோ பயன்பட்டிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, ஆய்வேட்டின் முதல் இயலில் அதை எழுதவும் தொடங்கிவிட்டேன். என் நெறியாளர் படித்துவிட்டு, "கல்வெட்டுத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

சேப்பாக்கத்தில் தொல்லியல் படித்துக்கொண்டிருந்த ஆய்வு மாணவர் ஒருவர் என்னோடு வந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். கல்லைப் பார்த்த உடனே சொன்னார்: "அண்ணே, இது நீங்கள் நினைக்கிற பாசி இல்லை. இது மீன் பிடிக்கிற உரிமை. எங்கள் ஊரில் கண்மாய் வற்றும் காலத்தில் இன்றைக்கும் மீன்பாசி ஏலம் என்றுதான் சொல்வார்கள்." ஏரியில் மீன் பிடிக்கும் குத்தகைப் பணத்தைக் கொண்டு அந்த ஏரியையே ஆண்டுதோறும் தூர் வார வேண்டும் என்பது அந்தக் கல்லின் செய்தி. இத்தகைய ஏற்பாடு தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் பல இடங்களில் உண்டு என்றும் அவர் விளக்கினார்.

கடைசி வரிகள் சேற்றுக்குள் இருந்தன. அவருக்கு அவற்றைப் படிக்க வேண்டும். எனக்குச் சேற்றின் அடுக்குகளைப் பார்க்க வேண்டும். இரண்டு பேருமாக மண்வெட்டி வாங்கித் தோண்டினோம். அவர் கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுத்தார். நான் கல்லின் பக்கத்துச் சேற்றை விரற்கடை விரற்கடையாக வெட்டிப் போத்தலில் இட்டேன். எழுத்தமைதியைக் கொண்டு பதின்மூன்றாம் நூற்றாண்டு என்று அவர் கணித்தார். கல் நட்ட காலம் தெரியும், அதன்மேல் படிந்த வண்டலின் உயரம் தெரியும். ஆண்டுக்கு எவ்வளவு வண்டல் சேர்ந்தது என்று கணக்கிட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. தூர் வாருவது எப்போது நின்றது, அதன் பிறகு பாசிகள் எப்படி மாறின என்பதை அந்த அடுக்குகளில் உள்ள டயாட்டம் என்னும் நுண்பாசியின் ஓடுகளிலிருந்து படிக்கலாம். அந்த ஓடுகள் சிலிக்காவால் ஆனவை. மற்றப் பாசிகள் அழுகிய பின்னும் சேற்றில் நிலைத்திருக்கும்.

அன்று மாலை மதகுத் திட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி நாங்கள் பேசியதைப் போன்ற ஒரு மணி நேரம், என் ஐந்தாண்டு ஆய்வில் வேறு ஒன்று இல்லை.

15 ஜூன் 2023

பொறியாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்: மதகைப் பழுதுபார்த்தபோது அந்தக் கல்லை இடம் மாற்றி நட்டிருக்க மாட்டார்களா? மாற்றியிருக்கலாம். என் நண்பரே இந்த எச்சரிக்கையைத் தந்தார். அதனால் வண்டல் வேகத்தைப் பற்றிய கணக்கை ஆய்வேட்டில் நான் சேர்க்கவில்லை. டயாட்டம் அடுக்குகளை மட்டும் சேர்த்தேன். மேலே "கணக்கிட்டுவிடலாம்" என்று எழுதியதை அன்றைய ஆவல் என்று மட்டும் கொள்ளுங்கள்.

19 ஜூன் 2023

பாசி என்ற சொல்லை அகராதியில் பார்த்திருக்கலாமே என்ற கேள்விக்கு: பார்த்தேன். பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி எங்கள் தாவரவியல் நூலகத்திலேயே இருந்தது. நீர்ப்பாசி, பாசிமணி, பாசிப்பயறு என்று பாசி பல பொருளாகப் பிரிவதைக் கண்டேன். எனக்கு வேண்டிய பொருளை நானே தேர்ந்துகொண்டேன். அகராதி கையில் இருப்பதும், எந்தப் பொருள் எந்த இடத்தில் வரும் என்று அறிந்த ஆள் பக்கத்தில் இருப்பதும் ஒன்றல்ல.

அந்த அகராதியே நம் பேச்சுக்கு நல்ல சான்று. 1913இல் அமெரிக்க மதப்பணியாளர் சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பணி தொடங்கியது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள் வந்தன. 1939இல் இணைப்புத் தொகுதி வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். 1926 முதல் நிறைவு வரை பதிப்பாசிரியராக இருந்த ச. வையாபுரிப்பிள்ளை வழக்கறிஞராகத் தொழில் செய்து வந்தவர். மரம் செடி கொடிகளின் பெயர் வரும் இடங்களில் தாவரவியல் பெயரும் தரப்பட்டிருக்கும். மாணவனாக இருந்தபோது ஊர்ப்பெயரைக் கொண்டு செடியின் இனப்பெயரைக் கண்டுபிடிக்க நான் முதலில் திறந்தது அந்த அகராதியைத்தான். ஒரு சொல்லின் பொருளை எழுதப் புலவரும் தாவரவியலாரும் சோதிடம் அறிந்தவரும் வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டு நீண்ட இந்த வேலையை எந்த ஆண்டறிக்கையில் எந்தத் துறையின் சாதனையாகக் காட்டுவது?

20 ஜூன் 2023

நேற்று எழுதியதோடு சேர்க்க மறந்தது. கணிதத் துறையிலும் இதற்கு ஒப்பான கதை உண்டு. இராமானுஜன் கணித நிறுவனத்தை நடத்திய சி. டி. இராஜகோபால் பகுப்பாய்வுக் கணிதத்தில் ஆய்வு செய்தவர். தொடர்வரிசைகளைப் பற்றிக் கேரளக் கணிதவியலாளர்கள் ஐரோப்பாவுக்கு முன்பே கண்டறிந்தவற்றை, சமஸ்கிருத, மலையாள மூலங்களைக் கொண்டு உலகக் கணித உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். தொடர்வரிசை தெரியாதவருக்கு அந்தச் சுவடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. சுவடி படிக்கத் தெரியாதவருக்கு அப்படி ஒரு தொடர்வரிசை இருப்பதே தெரியாது.

27 ஜூன் 2023

இத்தனை துறைகளின் நூல்களையும் ஒரே கட்டடத்தில் எப்படி அடுக்குவது என்ற கேள்வியை உண்மையாகவே எதிர்கொண்டவர் ஒருவர் இருந்தார். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த சீர்காழி இரா. அரங்கநாதன் 1924 ஜனவரியில் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். விருப்பமில்லாமல் வந்தவர்; பழைய வேலைக்கே திரும்ப முயன்றார். நூலகக் கலை கற்க லண்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கு ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுத் தொகுப்பைக் கண்டபோது அவருக்கு வழி தோன்றியது. அதே சில துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பூட்டி எத்தனையோ பொறிகள் செய்யலாம். அதுபோல ஒவ்வொரு நூலின் பொருளையும் அதன் உறுப்புகளாகப் பிரித்து, முக்காற்புள்ளியால் இணைத்து எண் தரலாம். 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை அப்படிப் பிறந்தது.

அதற்கு முந்தைய முறைகள் அறிவை முதலிலேயே பெட்டிகளாக வகுத்துவிட்டு, வரும் நூலை ஒரு பெட்டிக்குள் போட்டன. நாளைக்கு வரப்போகும் பொருளுக்குப் பெட்டி இல்லை. அரங்கநாதனின் முறையில், இன்னும் யாரும் எழுதாத நூலுக்கும் இடம் இருக்கிறது. "ஏரி", "பாசி", "வண்டல்", "தொண்டை மண்டலம்", "பதின்மூன்றாம் நூற்றாண்டு" என்று என் ஆய்வின் உறுப்புகளை நான் எழுதிப் பார்த்தேன். தாவரவியல் என்ற ஒற்றைப் பெயரில் விடுபட்டவை எல்லாம் அதில் வந்துவிட்டன. துறைகளை மூடுவதா வேண்டாமா என்று பேசுகிறவர்கள் ஒருமுறையாவது அந்தப் பகுப்புமுறையைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

11 ஜூலை 2023

முதலில் கேள்வி கேட்ட வாசகர் திரும்பி வந்து, "நீங்கள் நடந்தவற்றில் நல்லவற்றை மட்டும் பொறுக்கி எழுதுகிறீர்கள், பெரும்பாலான துறைகள் ஒன்றோடொன்று பேசுவதே இல்லை" என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. என் ஐந்தாண்டுகளில் அந்த ஒரு கல்வெட்டுக்காகத்தான் நான் சேப்பாக்கம் போனேன். படிகவியல் துறை நான் தினமும் இருந்த அதே வளாகத்தில் இருந்தது. ஒரு கருத்தரங்குக்குக்கூட உள்ளே சென்றதில்லை. புரதச் சங்கிலியின் முறுக்குக் கோணங்களில் எவை இயலும், எவை இயலாது என்று 1963இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வரைந்த படத்தைக் கொண்டு, உலகில் எங்கே ஒரு புரத வடிவம் கண்டறியப்பட்டாலும் இன்றும் சரிபார்க்கிறார்கள். அது பிறந்த துறையின் வாசலைக் கடந்துதான் நான் தினமும் தேநீர் குடிக்கப் போனேன். அதை எண்ணி இப்போது வருந்துகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், என் பாசி மாதிரிகள் எழுநூறு போத்தல்கள் ஓர் அலமாரியில் இருந்தன. ஒவ்வொன்றிலும் நாள், ஏரி, நீரின் சூடு எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. பாசி வகைப்பாடு அறிந்த மூத்த பேராசிரியை ஓய்வு பெற்றார். அந்த இடம் நிரப்பப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அறை வேறு பயன்பாட்டுக்கு வேண்டியிருந்தது. நான் வெளியூர் போயிருந்த ஒரு வாரத்தில் போத்தல்களைக் கழுவி அடுக்கி வைத்துவிட்டார்கள். கழுவிய பணியாளர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அது என்ன என்று அவருக்குச் சொல்ல அங்கு ஒருவரும் இருக்கவில்லை. துறையின் பெயர்ப்பலகை மட்டும் அப்படியே இருந்தது. அந்த ஏரிகளில் இரண்டு இப்போது இல்லை. எனவே அந்த மாதிரிகளை மீண்டும் எடுக்க முடியாது.

ஆகவே மூடுவதா, வைப்பதா என்ற கேள்வியின் வடிவத்தையே மாற்ற விரும்புகிறேன். எல்லாப் பல்கலைக்கழகத்திலும் எல்லாத் துறையும் வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அது இயலாது, பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் ஓரிடத்தில் சுவடியோ மைப்படியோ உலர்செடித் தொகுப்போ ஊர்க்கணக்கோ இருக்குமானால், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தே ஆக வேண்டும். அவர் ஓய்வு பெறும் முன் இன்னொருவர் அவரிடம் ஐந்தாண்டுகளாவது கற்றிருக்க வேண்டும். மாணவர் எண்ணிக்கையை வைத்து மட்டும் அந்தப் பணியிடத்தை எடைபோட்டால், அந்த ஆளோடு சேர்ந்து அவர் படித்துக்கொண்டிருந்த பொருளும் போய்விடும்.

12 ஜூலை 2023

ஆம், எண்மப் படமாக எடுத்து வைப்பது நல்லதே. என் போத்தல்களைப் படமெடுத்திருந்தால் போத்தல்களின் படம் இருந்திருக்கும்.

2 ஆகஸ்ட் 2023

சிவகங்கை நண்பர் இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் பேசினார். அந்த ஏரியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் இயந்திரம் வைத்துத் தூர் வாரியிருக்கிறார்களாம். கல் இப்போது அடிவரை தெரிகிறது என்று செய்தி வந்ததும், போன வாரம் மகனை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார். நாங்கள் தோண்டிய ஆழத்துக்குக் கீழே இன்னும் மூன்று வரிகள் இருந்தனவாம். அன்று மண்வெட்டி தட்டிய இடத்தில் கல் முடிந்துவிட்டது என்று எண்ணி நிறுத்திவிட்டோம். புதிய வரிகளில் ஏரியின் நான்கெல்லை வருகிறது. எல்லையில் நின்ற ஒரு மரத்தின் பெயரும் வருகிறது. அந்தச் சொல் அவருக்குப் பிடிபடவில்லை. மைப்படியின் ஒரு நகலை எனக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறார்; நாளை வந்துவிடும்.

பேரகராதியின் தொகுதிகளை மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன்.